பத்மினி கார் ரன்னிங் போர்டு: காந்தம் ஒட்டினால் போதுமா?

பியட்பித்தன்:
"வீட்டிலேயே பத்மினி பாடி வேலை" என்று ஒரு வீடியோ பார்த்தேன். கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு முழுக்கத் துரு, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது. அதன் மேல் பைபர் துணி ஒட்டி, பட்டி (பள்ளம் அடைக்கும் பசை) பூசி, எமரி பேப்பர் தேய்த்து பெயிண்ட் அடித்துவிட்டு "வெல்டிங் தேவையே இல்லை" என்கிறார் மனிதர். வயிறு எரிகிறது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அரித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைக்க வேண்டாமா?

தகரடப்பா:
வீடியோ போட்டது நான்தான். காந்தம் வைத்துக் காட்டினேன். ஒட்டியது. உள்ளே தகரம் இல்லாமலா ஒட்டும்?

மார்க்4:
எந்தக் காந்தம், பழைய ஸ்பீக்கரில் கழற்றியதா? அது பட்டியைத் தாண்டியும் தகரத்தைப் பிடிக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை வையுங்கள், வழுக்கி விழும்.

தகரடப்பா:
ஒட்டியதா இல்லையா? அதற்கு மட்டும் பதில்.

பியட்பித்தன்:
துருத் தகரத்திலும் காந்தம் ஒட்டும் சார்! பட்டி ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மழைக்காலம் போனால் பெயிண்ட் கொப்பளிக்கும், கதவு தொங்கும்.

தகரடப்பா:
ஆக, ஒட்டும் என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

ஹெரால்டு ரசிகன்:
என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் பட்டிதான். ஒன்றும் ஆகவில்லை.

பியட்பித்தன்:
ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் இருக்கிறது. பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஹெரால்டு ரசிகன்:
மெட்ராஸில் செய்த வண்டி என்றாலே பம்பாயில் செய்த பத்மினிக்காரர்களுக்கு இளக்காரம்.

மார்க்4:
சண்டையை விடுங்கள். மிக் வெல்டிங்கில் (மின்சாரத்தில் கம்பியை உருக்கி ஒட்டுவது) தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இணைத்தால் தகரம் நெளியாது. கேஸ் வெல்டிங் என்றால் சூட்டில் அலையடிக்கும். ஆரம்பிக்கும் முன் பாட்டரி வயரைக் கழற்றுங்கள்.

தகரடப்பா:
வந்துவிட்டார் வாத்தியார்! கார்புரேட்டர் விஷயத்திலும் இப்படித்தான் பாடம் எடுத்தீர்கள், கடைசியில் யார் வண்டியைக் கட்டி இழுத்தார்கள்? மிக் மெஷினை உங்கள் தாத்தாவா வாங்கித் தருவார்? தெருமுனை டிங்கர் கேஸ் வெல்டிங்கில்தான் ஊர் வண்டியெல்லாம் ஒட்டினார்.

மார்க்4:
இழுத்தது எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் போனதால். கார்புரேட்டரால் இல்லை.

தகரடப்பா:
சரி சரி. என் காந்தம் ஒட்டியது. அடுத்த வாரம் இடது பக்கமும் பட்டிதான், வீடியோவும் உண்டு.

பியட்பித்தன்:
அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

தகரடப்பா:
குடும்பத்தை இழுக்காதே தம்பி.

ஹெரால்டு ரசிகன்:
இளக்காரம் என்றேனே, அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.