பழைய 90 லிட்டர் மின்சூளை வாங்கலாமா? கோன் 6 வரைக்கும் ஏறுமா?

களிமண்கை:
கோவையில மாடியில சின்ன பட்டறை. ஸ்டோன்வேர் (அதிக சூட்டுல சுடற) களிமண், கோன் 6 கிளேஸ். கோன்ங்கறது குறிப்பிட்ட சூட்டுல சாயற சின்னக் கூம்பு, கிளேஸ்ங்கறது கண்ணாடி மாதிரி உருகற மேல்பூச்சு. ஒருத்தர் தன்னோட பழைய மின்சூளையைக் கொடுக்கறேங்கறார். முன்பக்கக் கதவு, 90 லிட்டர், பெயர்ப்பலகைல 7.2 கிலோவாட், 1300 டிகிரின்னு இருக்கு. உள்ள 230 வோல்ட்டுக்கு மூணு காயில் செட், கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கற கம்பி), எஸ்எஸ்ஆர் (காயிலை ஆன், ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) வெச்ச கண்ட்ரோலர். ரெண்டு வருஷமா ஓடலையாம், "ஆனா கண்டிஷன் சூப்பர்"ங்கறார். கிட்டத்தட்ட அதே காசுக்குப் புதுசா 50 லிட்டர், 3.5 கிலோவாட், 1200 டிகிரி சூளை ஒண்ணும் கிடைக்குது. வீட்டுக்கு த்ரீ பேஸ் இருக்கு. எதை எடுக்கலாம்? பழசுன்னா போய் என்னென்ன பார்க்கணும்?

சூளைக்கணக்கு:
புதுசை முதல்ல ஒதுக்கிடுங்க. கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 வேகத்துல ஏத்தினா ஆர்ட்டன் கம்பெனியோட பெரிய கோன் 6 சாயறது 1222ல. மணிக்கு 150 வேகம்னா 1243. 1200 போட்ட சூளைல அதுக்கு இடமே இல்ல. போட்டிருக்கற உச்சத்துக்கும் நீங்க வழக்கமா சுடற அளவுக்கும் நடுவுல 60, 80 டிகிரியாவது மிச்சம் இருக்கணும். காயிலுக்கு வயசாக ஆக அந்த மிச்சம்தான் கரையும்.

பழசைப் பார்க்கப் போகும்போது கையில ஒரு மல்டிமீட்டரும் சின்னக் காந்தமும் இருந்தா போதும். காந்தம் எதுக்குன்னா, காயில்ல ஒட்டினா அது காந்தல் மாதிரி இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பி. ஒட்டலைன்னா நைக்ரோம். காந்தல் ஏ1 கம்பி 1400 வரை தாங்கும், நைக்ரோம் சுமார் 1200 வரைதான். இது கம்பியோட சூடு, அறையோட சூடு இல்ல. அறை 1222ல இருக்கும்போது கம்பி அதைவிட மேலதான் இருக்கும். "காந்தல்னா காந்தம் ஒட்டும்"னு ஞாபகம் வெச்சுக்கலாம், பேர்ப் பொருத்தம் வெறும் தற்செயல்தான்னாலும்.

அடுத்தது ஓம். 7.2 கிலோவாட்டை மூணாப் பிரிச்சா ஒரு செட்டுக்கு 2400 வாட். 230ஐ 230ஆல பெருக்கி 2400ஆல வகுத்தா 22 ஓம். மெயின் சப்ளையைப் பிடுங்கிட்டு, ஒவ்வொரு செட்டோட ரெண்டு முனையையும் வயர்லேர்ந்து கழட்டிட்டு அளங்க. கழட்டாம அளந்தா மத்த செட்டும் சேர்ந்து கணக்குல வந்து 7 சொச்சம் காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. 22க்குப் பக்கத்துல இருந்தா காயிலுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. 24 தாண்டிடுச்சுன்னா அந்தச் செட்டோட பவர் ஏறக்குறைய 10 சதவீதம் போயாச்சு. மாத்தற செலவை விலைல கழிச்சுப் பேசுங்க.

காயில் பள்ளத்தைக் கண்ணால பாருங்க. சுருள்கள் சாய்ஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா அந்த இடம் சீக்கிரம் அறுந்துபோகும். கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு சொட்டு தெரிஞ்சா அது உருகி விழுந்த கிளேஸ். கம்பி மேல இருக்கற அலுமினா தோலை அரிச்சுக்கிட்டே இருக்கும். பழைய காயிலை விரலால நிமித்திப் பார்க்காதீங்க. ஒரு தடவை சுட்ட காந்தல் ஆறினப்புறம் பிஸ்கட் மாதிரி ஒடியும்.

செங்கல்ல மயிரிழை விரிசல் பிரச்சனை இல்ல, எல்லா சூளையிலயும் வரும். காயிலைப் பிடிச்சிருக்கற பள்ளத்தோட உதடு உடைஞ்சு கம்பி வெளிய தொங்கினாத்தான் வேலை. செங்கல் கிரேடு கேளுங்க. 23ங்கறது 1260 வரை, 26ங்கறது 1430 வரை. கோன் 6 சூளைக்கு உள்வரிசை 26ஆ இருக்கறது நல்லது.

பேஸ்நியூட்ரல்:
கரண்ட் பக்கம் நான் சொல்றேன். இந்தச் சூளையை சிங்கிள் பேஸ்ல போட்டா 31 ஆம்பியர் இழுக்கும். த்ரீ பேஸ்ல மூணு செட்டையும் ஸ்டாரா, ஒவ்வொண்ணும் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல போட்டா, பேஸுக்கு 10.4 ஆம்பியர்தான். ஆனா எலக்ட்ரீஷியன் மோட்டார் ஞாபகத்துல டெல்டா, அதாவது ரெண்டு பேஸுக்கு நடுவுல, போட்டுடாமப் பார்த்துக்கோங்க. ஒவ்வொரு செட்டுக்கும் 400 வோல்ட் போய் பவர் மூணு மடங்காகும், ஒரே சுடுதல்ல காயில் காலி.

சூளைக்குத் தனி லைன் இழுங்க. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், நியூட்ரலும் அதே கனம், 16 ஆம்பியர் சி கர்வ் நாலு போல் எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழற பிரேக்கர்). சுவத்துலேர்ந்து சூளை உடம்பு ஒரு முழமாவது தள்ளி இருக்கணும். வீட்டு இணைப்புல அனுமதிச்ச லோடு எவ்வளவுன்னு பாருங்க. ஏசி, மோட்டார், சூளை மூணும் சேர்ந்தா தாண்டிடும். விக்கறதுக்குச் சுடறீங்கன்னா எந்த டாரிஃப்ல வரும்னு மின்வாரிய ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.

வோல்டேஜை ராத்திரி ஏழு மணிக்கு அளங்க, மத்தியானம் இல்ல. 205தான் வருதுன்னா 7.2 கிலோவாட் சூளை 5.7 கிலோவாட் சூளையாயிடும். "1150 தாண்டி ஏறமாட்டேங்குது"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான், காயில் மேல தப்பே இருக்காது.

எஸ்எஸ்ஆர் கெட்டா பெரும்பாலும் ஆன்லயே ஒட்டிக்கும். கண்ட்ரோலர் ஆஃப்னு காட்டும், சூளை பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும். அதனால எஸ்எஸ்ஆருக்கு முன்னாடி ஒரு காண்டாக்டர் (கரண்ட்டை மொத்தமாத் துண்டிக்கற பெரிய ரிலே), அதை ஆஃப் பண்றதுக்குத் தனி தெர்மோகப்பிளோட ஒரு ஹை லிமிட் கண்ட்ரோலர், 1260ல செட் பண்ணி. கதவு ஸ்விட்சும் அந்தக் காண்டாக்டரைத்தான் ஆஃப் பண்ணணும், எஸ்எஸ்ஆரை இல்ல. ஆஃப்ல இருந்தாலும் எஸ்எஸ்ஆர் வழியா காயில்ல கரண்ட் கசியும், உள்ள கை விட்டா ஷாக் அடிக்கும்.

களிமண்கை:
போய்ப் பார்த்துட்டு வந்தேன். காந்தம் ஒட்டுது. மேல் செட் 22.1, நடு 22.4, கீழ் செட் 25.6 ஓம். கீழ் செட்டோட ஒரு லக் (வயர் முனையை போல்ட்ல மாட்டற உலோகத் துண்டு) கறுத்துப் போய் வயர் இன்சுலேஷன் பொரிஞ்சிருக்கு. தெர்மோகப்பிள் வயர் நீளம் பத்தலைன்னு சாதா காப்பர் வயர்ல ஒட்டு போட்டிருக்காங்க. கீழ் செட்டை மட்டும் மாத்தினா போதுமா?

சூளைக்கணக்கு:
25.6ன்னா அந்தச் செட் 2400க்குப் பதிலா சுமார் 2070 வாட்தான் தருது. கீழ்த் தட்டு எப்பவும் குளிர்ச்சியா இருந்திருக்கும். மத்த ரெண்டும் கிட்டத்தட்ட புது அளவுல இருக்கறதால கீழ் செட்டை மட்டும் மாத்தினா போதும். மூணுமே 24, 25ல இருந்திருந்தா மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும், இல்லைன்னா புதுசு இருக்கற பக்கம் மட்டும் அதிகமா வேகும்.

புதுசை ஆர்டர் பண்ணும்போது ஓம், கம்பி கனம், சுருளோட வெளி விட்டம், பள்ளத்தோட மொத்த நீளம் நாலும் சொல்லுங்க. ஓம் மட்டும் சொன்னா மெல்லிசுக் கம்பில சுத்திக் கொடுத்துடுவாங்க. ஓம் சரியாத்தான் இருக்கும், ஆயுசு பாதிதான். வந்த சுருளைப் பள்ளத்து நீளத்துக்குச் சரிசமமா இழுங்க. சுருளுக்கும் சுருளுக்கும் நடுவுல கம்பி கனத்துல ஒண்ணு, ரெண்டு மடங்கு இடைவெளி தெரியணும். மூலைகள்ல நெருக்கிடாதீங்க, காந்தல் பின் வெச்சு செங்கல்ல குத்தி நிறுத்துங்க.

மாட்டினதும் காலியா ஒரு சுடுதல். பார்வைத் துளையைத் திறந்து வெச்சு 120ல ரெண்டு மணி நேரம், ரெண்டு வருஷ ஈரம் செங்கல்லேர்ந்து போகட்டும். அப்புறம் மணிக்கு 100ல 1050 வரை ஏத்தி ஒரு மணி நேரம் நிறுத்துங்க. காத்து பட்டாத்தான் கம்பி மேல அலுமினா தோல் உருவாகும். காயிலைக் காப்பாத்தறது அந்தத் தோல்தான். அதனாலதான் மின்சூளைக்குள்ள கரி, விறகு போட்டுப் புகைக்கக் கூடாதுன்னு சொல்றது. உப்பு கிளேஸும் வேண்டாம்.

கோன்ஆறு:
காப்பர் ஒட்டை உடனே எடுங்க, அது சின்னத் தப்பு இல்ல. கே டைப் தெர்மோகப்பிள் முனைலேர்ந்து கண்ட்ரோலர் வரைக்கும் கே டைப் காம்பன்சேஷன் கேபிள்தான் போகணும். நடுவுல காப்பர் வந்தா, ஒட்டு இருக்கற இடத்துக்கும் கண்ட்ரோலருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் கணக்குல விட்டுப்போகும். சூளை உடம்புப் பக்கம் ஒட்டு 70ல, கண்ட்ரோலர் 35லன்னா திரைல 35 டிகிரி குறைச்சுக் காட்டும். நீங்க 1222னு நினைப்பீங்க, உள்ள 1257. கிளேஸ் ஓடித் தட்டுல ஒட்டினப்புறம்தான் தெரியும். புது கேபிள்ல ப்ளஸ், மைனஸை மாத்தி மாட்டிட்டா சூடு ஏற ஏறத் திரைல இறங்கும், அதைக் கண்டுபிடிக்கறது சுலபம்.

கே டைப் காட்டற அளவு உயர் சூட்டுல போகப் போக வழுக்கும். தினம் 1220 சுடறீங்கன்னா எஸ் டைப் வாங்கறது தகும். விலை அதிகம், கண்ட்ரோலர்லயும் கேபிள்லயும் டைப்பை மாத்தணும். கே டைப்போடயே ஓட்டறீங்கன்னா ஒவ்வொரு கிளேஸ் சுடுதல்லயும் மேல், கீழ் தட்டுல 5, 6, 7 கோன் மூணும் வெச்ச பேக் கட்டாயம். திரைல 1222 காட்டியும் 6 நின்னுக்கிட்டே இருந்தா திரையைத்தான் சந்தேகப்படணும், கோனை இல்ல.

ப்ரோக்ராமுக்கு ஒரு தொடக்கம் தர்றேன். பிஸ்க் (கிளேஸ் பூசறதுக்கு முன்னாடி முதல் சுடுதல்): மணிக்கு 60ல 110 வரை, அங்க ரெண்டு மணி நேரம், கனமான பாத்திரம்னா மூணு. பிறகு 100ல 620 வரை, 573ல குவார்ட்ஸ் உருமாறறதால அவசரப்படாம. அதுக்கப்புறம் 150ல 1000 வரை. பார்வைத் துளை 700 வரைக்கும் திறந்தே இருக்கட்டும், களிமண்ல இருக்கற கரியும் கந்தகமும் வெளிய போகணும். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது, ஜன்னல் திறந்திருக்கணும். கிளேஸ்: 120ல 600, 180ல 1120, கடைசி 100 டிகிரி மணிக்கு 60, உச்சத்துல 10 நிமிஷம். ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் ஆகும். இந்தச் சூளைக்கு 45, 50 யூனிட் போகும்னு வெச்சுக்கோங்க, சரியான கணக்கை மீட்டர்லேர்ந்து எடுத்துக்கலாம்.

அந்தப் பக்கம் கிடைக்கற சிவப்புக் களிமண்ணை ஸ்டோன்வேரோட சேர்த்து வைக்காதீங்க. 1220ல அது அப்பம் மாதிரி உப்பி உருகித் தட்டோட போயிடும். புது களிமண் எதுவானாலும் பிஸ்க் பண்ணின கிண்ணத்துல ஒரு துண்டு வெச்சுச் சுட்டுப் பாருங்க.

கிளேஸ் ஒட்டாம இருக்கத் தட்டுக்கு அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் எடைல சரிபாதி, மோர்ப் பதத்துல கரைச்சு, மூணு மெல்லிய பூச்சு, மேல்பக்கம் மட்டும். கீழ்ப்பக்கம் பூசினா உதிர்ந்து கீழ இருக்கற கிளேஸ் மேல விழும். தட்டு விளிம்பு காயில்லேர்ந்து ஒரு அங்குலம் தள்ளி. சிலிகான் கார்பைடு தட்டு மலிவாக் கிடைச்சாலும் இதுக்கு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும்.

பேஸ்நியூட்ரல்:
கறுத்த லக் பத்தி யாரும் சொல்லலை. அது காயில் கெட்டதால வந்ததில்ல, போல்ட் தளர்ந்ததால வந்தது. தளர்ந்தா சூடாகும், சூடானா துருப்பிடிச்சு இன்னும் தளரும். புதுக் காயில் முனையைப் பழைய லக்ல மாட்டாதீங்க. பொரிஞ்ச வயரை நல்ல காப்பர் தெரியற வரைக்கும் வெட்டி எறிஞ்சிட்டு, சூளை உடம்புக்குள்ள ஓடற துண்டு மட்டும் ஃபைபர் கிளாஸ் உறை போட்ட ஹை டெம்பரேச்சர் வயரா இருக்கணும். சாதா பிவிசி வயர் அங்க இளகிடும். புதுக் காயிலோட முதல் மூணு சுடுதலுக்கு அப்புறம், நல்லா ஆறினதும் மெயினை ஆஃப் பண்ணி எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முறுக்குங்க. பிறகு மாசம் ஒரு தடவை போதும்.

சுடும்போது ஒரு டங் டெஸ்டரை (வயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்பியர் காட்டற மீட்டர்) மூணு பேஸ்லயும் போட்டுப் பாருங்க. மூணும் 10 ஆம்பியர் சுத்தி இருக்கணும். ஒண்ணு சைபர்னா அந்தச் செட் அறுந்திருக்கு, இல்ல பேஸ் போயிருக்கு. எர்த் லீக் பிரேக்கர் முதல் சுடுதல்ல விழுந்தா அதைக் கழட்டிடாதீங்க. ஈரச் செங்கல்தான் காரணமா இருக்கும். மெகர்ல (இன்சுலேஷனை அளக்கற மீட்டர்) 500 வோல்ட்ல 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா 100 வாட் பல்பு ஒண்ணை ராத்திரி முழுக்க உள்ள எரியவிட்டுக் காயவெச்சிட்டு அளங்க.

சூளைக்கணக்கு:
கதவுல ஒரு நோட்டு தொங்கவிடுங்க. சுடுதல் எண், 1000லேர்ந்து 1200 ஏற எத்தனை நிமிஷம், சாய்ஞ்ச கோன் எது, இந்த மூணும் போதும். அந்த நிமிஷக் கணக்கு மாசாமாசம் நீண்டுகிட்டே போனா மல்டிமீட்டரை எடுங்க. 20 சுடுதலுக்கு ஒரு தடவை பள்ளங்களை வேக்யூம் கிளீனர் ஊசிமுனையால இழுங்க, துடைப்பத்தால தட்டாதீங்க. செங்கல் தூளும் ஃபைபரும் மூச்சுக்குள்ள போகும், என்95 மாட்டிக்கோங்க. கதவு ஓரத்துல இருக்கற பழைய செராமிக் ஃபைபர் கயிறு தொட்டா உதிர்ற நிலைல இருந்தா, உலர்ந்த கையால பிச்சு எடுக்காம தண்ணி தெளிச்சு நனைச்சுக் கழட்டி, பைல கட்டிப் போடுங்க.

விலை பேசும்போது காயில் செட் ஒண்ணு, காம்பன்சேஷன் கேபிள், லக், வயர், காண்டாக்டர், ஹை லிமிட் இவ்வளவையும் கூட்டிக் கழிங்க. மத்தபடி சூளை எடுக்கலாம்.