பிராய்லர் தின்னா சீக்கிரம் வயசுக்கு வந்துருவாங்களாம்!

தட்டுவடைசெட்: காலைல இருந்து நம்ம சேலம் குரூப் பூரா ஒரே ஃபார்வர்டு, கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாம், அதத் தின்னுதான் மூணாவது படிக்கிற புள்ளைங்க வயசுக்கு வருதாம். எரிச்சலா வருது. வயசுக்கு வர்றது கறிக்கடைல ஆரம்பிக்கல சாமி, மூளைல ஹைப்போதலாமஸ்ல ஆரம்பிக்குது. அங்க கிஸ்பெப்டின்னு ஒரு பெப்டைட் ஹார்மோன், அதாவது குட்டிப் புரதம் மாதிரி, அது தட்டி எழுப்புனாத்தான் ஜிஎன்ஆர்ஹெச்னு அடுத்த ஹார்மோன் விட்டு விட்டு சுரக்கும், அப்புறம் மூளைக்கு அடில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில இருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்னு ரெண்டு ஹார்மோன், அப்புறம்தான் சூலகமோ விந்தகமோ வேலைய ஆரம்பிக்கும். கிஸ்பெப்டின் வந்து ஒட்டுற ரிசப்டர் பழுதானவங்களுக்குப் பருவமே சரியா வர்றதில்லைன்னு 2003லயே கண்டுபிடிச்சாச்சு. கோழில அந்த மாதிரி ஹார்மோன் இருந்தாலும் வயித்துல செரிச்சிடும்.

அம்மாபேட்டை அணில்: செரிச்சிடுமா? அப்ப கருத்தடை மாத்திரை எப்படி விஞ்ஞானி அண்ணே வேலை செய்யுது?

தட்டுவடைசெட்: அது ஸ்டீராய்டு, புரதம் மாதிரி செரிக்காது, இது பெப்டைட். இன்சுலினும் பெப்டைட்தான், அத டீல கலந்து குடிக்க வேண்டியதுதான, ஏன் குத்திக்கிறாங்க?

நாமக்கல் மாப்ள: நான் பண்ணைல இருக்கேன். ஷெட்டுல அஞ்சாயிரம் கோழி, ஒவ்வொண்ணா புடிச்சு ஹார்மோன் குத்த எவனுக்கு நேரம்? ராணிக்கெட் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து குடுப்போம், அதும் குஞ்சு கண்ணுல ஒரு சொட்டு. 40 நாள்ல ரெண்டு கிலோ வர்றது ரகமும் தீவனமும்.

அம்மாபேட்டை அணில்: பண்ணைக்காரன் வேற என்ன சொல்வான். செரிமானத்துக்கு வாங்க. சுகருக்கு செமாகுளூடைட் மாத்திரையே வந்துருச்சு, அதுவும் பெப்டைட்தான, அது ஏன் செரிக்கல?

தட்டுவடைசெட்: அதுல உறிஞ்ச வைக்கவே தனியா ஒரு உப்பு சேர்த்திருக்கான், வெறும் வயித்துல ரெண்டு மடக்குத் தண்ணில முழுங்கணும், அப்பவும் 100ல 1 பங்குகூட ரத்தத்துக்குப் போறதில்ல. சில்லி சிக்கன்ல அந்த உப்பு இருக்கா?

அம்மாபேட்டை அணில்: ஆக, போகுது. ஒத்துக்கிட்டீங்க.

தட்டுவடைசெட்: எங்கய்யா ஒத்துக்கிட்டேன்??

ஏற்காடு காப்பி: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. பொண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடி மார்பு வளர ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட காட்டணும், எலும்பு வயசு பாக்க எக்ஸ்ரே எடுப்பாங்க. உடம்பு எடையும் ஒரு காரணம், கொழுப்புல இருந்து வர்ற லெப்டின்ங்கிற ஹார்மோன்தான் மூளைக்கு சத்து போதும்னு சொல்லுது. கோழியவே புடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்க.

அம்மாபேட்டை அணில்: மலை மேல உக்காந்துட்டு அட்வைஸ் பண்றது ஈசிக்கா. மலர்க்கண்காட்சிக்கு ரூம் கேட்டப்ப மெசேஜ பாத்துட்டு பதிலே போடாதவங்கதான நீங்க.

ஏற்காடு காப்பி: மே மாச சீசன்ல ஓசி ரூம் கேட்டா அப்படித்தான் தம்பி.

தட்டுவடைசெட்: ரூம் கதைய தனியா வச்சுக்குங்க. குழந்தை உண்டாகுறதுக்கும் இதே கிஸ்பெப்டின்தான், லண்டன்ல ஐவிஎஃப்ல, அதான் டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சைல, கருமுட்டை முதிர வைக்க அதக் குடுத்துப் பாத்து குழந்தையும் பிறந்து 2014ல ஆய்வே வெளியாச்சு. அதுவும் ஊசிதான், யாரும் சூப் வச்சுக் குடுக்கல.

அம்மாபேட்டை அணில்: கோழிக்கும் ஊசின்னுதான நானும் சொல்றேன்.

நாமக்கல் மாப்ள: யோவ் அது சொட்டு மருந்து.

தட்டுவடைசெட்: உன்கிட்ட பேசுறதுக்கு ஏற்காடு மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவையும் ரிவர்ஸ்ல ஏறலாம்.

அம்மாபேட்டை அணில்: ஏறுங்க ஏறுங்க. செமாகுளூடைட் போகுதா போகலையா, அத மட்டும் சொல்லிட்டு ஏறுங்க.