மோத்தி ரொம்ப மூச்சு வாங்குது, அவசரம்!

மோத்தி_அப்பா, பகல் 2:05
காலையிலேர்ந்து மோத்தி ஒரேயடியா இளைக்குது. நாக்கு தொங்கியே கிடக்கு, எச்சில் நூல் நூலா ஒழுகுது. தயிர் சோறு வச்சேன், மோந்துகூடப் பாக்கல. ஃபேன் போட்டுதான் விட்டிருக்கேன். உடம்பு கொதிக்குது. டோலோ 650 பாதி குடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

கீரைவிதை, 2:08
மோத்தி நாயா பூனையா?

வாசல்திண்ணை, 2:09
டோலோ வேண்டவே வேண்டாம். நாய்க்கு ஈரல்ல கை வச்சிடும், பூனைன்னா பாதி மாத்திரையிலேயே உயிர் போயிடும். என்ன இனம், வயசு என்ன, எந்த ஊரு, எங்க கட்டியிருக்கீங்க?

நாட்டுநாய்_நேசன், 2:11
உண்ணிக் காய்ச்சல்தான். காது மடல், விரலிடுக்கு எல்லாம் பாருங்க. எங்க கன்னி நாய்க்கும் இப்படித்தான், சோறு தொடல, நாலாம் நாள் மூக்குல ரத்தம். ரத்தம் எடுத்துப் பாருங்க.

பழம்பெருச்சாளி, 2:14
போன கத்திரியிலயே இதை விலாவாரியா எழுதிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்ல. சரி, இன்னொரு தடவை. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்துல கொஞ்சம், அவ்வளவுதான். இளைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளும். அதனால காஞ்ச உடம்புல ஃபேன் காத்து பட்டு பெரிசா பிரயோஜனம் இல்ல. நனைக்கணும், அப்புறம் காத்து. தெர்மாமீட்டர் வச்சீங்களா? 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் சகஜம். 104 தாண்டினா டாக்டர்தான். இனம் சொல்லாம கேக்குறது, ஊர் பேர் சொல்லாம பஸ் டிக்கெட் கேக்குற மாதிரி.

மோத்தி_அப்பா, 2:17
நாய்தான் சார். பக், ஆறு வயசு. காட்பாடி. மாடியில ஷீட் போட்ட ரூம்ல இருக்கு, மாமனார் வந்திருக்கார், அவருக்கு நாய் ஆகாது. தெர்மாமீட்டர் இல்ல.

வாசல்திண்ணை, 2:18
ஷீட்டுக்கு அடியிலயா! அதுவும் பக்கையா! சப்பை மூக்கு, சாதாரண நாள்லயே மூச்சுக்குத் திணறுமே. உடனே கீழ இறக்குங்க. வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே ஃபேன்ல காட்டுங்க. மாடி டேங்க் குழாயைத் திறந்துடாதீங்க, இந்நேரத்துக்கு அது வெந்நீர். பானைத் தண்ணியோ அப்பதான் இறைச்ச போர் தண்ணியோ எடுங்க. ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டா சூடு உள்ளயே தங்கிடும். தானா குடிச்சா குடிக்கட்டும், வாயில ஊத்தாதீங்க. ஈறு செக்கச்செவேல்னு இருக்கா, நீலமா இருக்கா? ரெண்டுல எதுன்னாலும் ஆட்டோ பிடிங்க, வழியெல்லாம் நனைச்சுட்டே போங்க.

கீரைவிதை, 2:25
எங்க லாப்ரடாருக்கு மொட்டையே அடிச்சுட்டோம். குளுகுளுன்னு இருக்கு.

பழம்பெருச்சாளி, 2:27
குளுகுளுன்னு இருக்குன்னு நாய் சொல்லுச்சா? அதுக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல் முடிதான் வெயில் தோல்ல படாம காக்குது. சீப்பு போட்டு உதிர் முடியை எடுத்தாலே போதும்.

கீரைவிதை, 2:28
டாக்டர்கிட்ட கேட்டுதான் அடிச்சோம்.

பழம்பெருச்சாளி, 2:29
டாக்டர்கிட்டயா, சலூன்லயா?

நாட்டுநாய்_நேசன், 2:33
இதுக்குத்தான் நம்ம மண்ணு நாயை வளங்கன்னு தலையால அடிச்சுக்கிறேன். சிப்பிப்பாறை இந்த வெயில்ல முயல் துரத்தும். சீனாவுல பொறந்த இனத்தைக் கொண்டாந்து வேலூர் வெயில்ல வறுக்கிறீங்க.

வாசல்திண்ணை, 2:36
சிப்பிப்பாறையையும் ஷீட்டுக்கு அடியில கட்டிப் பாருங்க, தெரியும். அவர் நாய் அங்க சாகக் கிடக்கு, இங்க ஜாதி பேசிட்டிருக்கோம். மோத்தி அப்பா, கிளம்பிட்டீங்களா?

கீரைவிதை, 4:50
ஆளையே காணோமே.

மோத்தி_அப்பா, இரவு 9:40
105 இருந்துச்சு. ட்ரிப் ஏத்தினாங்க. இப்ப 102, வாலை ஆட்டுது. காலையில ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. மோத்தி ஹால்ல படுத்திருக்கு. மாமனார் கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் படுக்கப் போயிட்டார்.

நாட்டுநாய்_நேசன், 9:43
ரத்தமா? பாத்தீங்களா, உண்ணின்னு நான் அப்பவே சொன்னேன்.

பழம்பெருச்சாளி, 9:44
இவ்வளவு சூடு ஏறினா ஈரலும் கிட்னியும் ரெண்டு நாள் கழிச்சுக்கூட மக்கர் பண்ணும். அதுக்குத்தான் ரத்தம்.

நாட்டுநாய்_நேசன், 9:45
உண்ணிக்கும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க.