கொட்டங்காய் மரம் சிவக்குது, தேசி மஞ்சளாகுது: ரெண்டும் ஒரே வருத்தமோ?

பூநகரி வளவு:
வணக்கம் எல்லாருக்கும். கேற்றடியில நிக்கிற எங்கட கொட்டங்காய் மரம் (வாதுமை எண்டும் சொல்லுவினம்) மாரி முடிஞ்ச கையோட சிவக்கத் தொடங்கி இப்ப அரைவாசி மரம் ரத்தச் சிவப்பு, மிச்சம் செம்மஞ்சள், விடிய எழும்பிக் கூட்டினால் மத்தியானத்துக்குள்ள முத்தம் திரும்பவும் நிறைஞ்சிடுது. வடிவாத்தான் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா கிணத்தடியில நிக்கிற தேசியும் (எலுமிச்சை) அதே நேரம் மஞ்சளாகிக்கொண்டு வருது, அதுதான் பயமா இருக்கு. இவர் ரெண்டுக்கும் யூரியா போடுவம் எண்டு நிக்கிறார், மாமி எண்டால் மரத்துக்குக் கண்ணூறு பட்டிட்டுது எண்டுறா. என்ன செய்யலாம், ஆராவது சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
தங்கச்சி, கொட்டங்காயை விடுங்கோ, அதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மரத்தின்ர குணமே அது, வறட்சி துவங்க இலையைக் கொட்டும், சில மரம் வருசத்தில ரெண்டு தரமும் கொட்டும். விழ முந்தி அந்த இலைக்குள்ள இருக்கிற நைதரசன், பொசுபரசில ஒரு பெரும் பங்கை மரம் தன்ர கொப்புக்குள்ள இழுத்து எடுத்துப்போட்டுத்தான் விடும், சும்மா எறியாது. நீங்கள் கூட்டி அள்ளுற இலையில அந்தச் சத்துக் குறைவாத்தான் இருக்கும். இலை குறைஞ்சால் ஆவியாப் போற தண்ணியும் குறையும், கோடையைத் தாண்டிறதுக்கு அதுதான் வழி. முள்ளியவளைப் பக்கம் தேக்கங்காட்டைக் கோடையில பார்த்தால் விறகு நட்டு வச்ச மாதிரி நிக்கும், அதுக்காக ஆராவது யூரியா மூட்டையோட ஓடுறவையோ? வேம்பும் மாசி பங்குனியில கொட்டும்.

தேசி வேற கதை. தேசி பச்சையாவே நிக்க வேண்டிய மரம். எந்த இலை மஞ்சளாகுது, குருத்திலயோ அடி இலையிலயோ? அதைப் பார்த்துச் சொல்லுங்கோ முதல்ல.

ரொறன்ரோ பனங்கொட்டை:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். இங்க மேப்பிள் சிவக்கிறதும் உங்க கொட்டங்காய் சிவக்கிறதும் உள்ளுக்க ஒரே வேலைதான், பச்சையம் உடைஞ்சு போக, முதலே இலைக்குள்ள இருந்த மஞ்சள் (கரோட்டினொயிட்) வெளியில தெரியும், சிவப்பு அப்பிடியில்லை, அந்தோசயனின் எண்டு சொல்லுறது, அதைக் கடைசி நேரத்தில இலை புதுசா செய்யிது. ஆனா ஆர் மணி அடிக்கிறது எண்டதுதான் வித்தியாசம். இங்க ஆனியில பகல் பதினைஞ்சரை மணித்தியாலம் கிட்ட, மார்கழியில ஒன்பதுக்குக் கிட்ட இறங்கிடும், குளிரும் சேரும், மரம் அதை வச்சு ஆயத்தமாகும். வன்னியில வருசம் முழுக்கப் பாத்தாலும் பகல் ஒரு மணித்தியாலம் அளவுதான் கூடிக் குறையும், அதால உங்க மரத்துக்குக் கணக்குச் சொல்லுறது அநேகமா தண்ணிதான். சரி, நான் தேசிக்கு ஒண்டும் சொல்லமாட்டன், இங்க பூச்சாடிக்குள்ள வச்சதே பட்டுப்போச்சு.

பூநகரி வளவு:
இப்பதான் போய்ப் பாத்தன் அண்ணை. நுனிக்குருத்து இலைதான் மஞ்சள், அதுவும் முழுக்க இல்லை, நரம்பு மட்டும் மெல்லிய பச்சைக் கோடு கோடா வலை மாதிரித் தெரியுது, இடையில எலுமிச்சை நிறம். ஆகப் புது இலை கிட்டத்தட்ட வெள்ளை. அடியில இருக்கிற பழைய இலை நல்ல கரும்பச்சை. தண்ணி ஒவ்வொரு நாளும் கிணத்தில இருந்துதான் விடுறம், சாம்பலும் போடுறனான்.

குளக்கட்டு விவசாயி:
உங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாச் சுண்ணாம்பு படியுதோ? பூநகரி எண்டால் படியும், மன்னாரில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் அந்தக் கரைக்குக் கீழ சுண்ணக்கல் ஓடுது. அந்தத் தண்ணியைத்தான் தேசியும் குடிக்குது. நீங்கள் சொல்லுற அடையாளத்துக்கு அது இரும்புக் குறை. இரும்பு மரத்துக்குள்ள இலகுவா இடம் மாறாது, அதாலதான் பழைய இலை பச்சையாயிருக்கப் புது இலை வெளிறுது. நைதரசன் குறைஞ்சால் மறுவளம், அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும், அதுக்குத்தான் யூரியா. உங்கட அவர் போட்டால் காசுதான் வீண், குருத்து இன்னும் கூட வெளிறிப் போகவும் பாக்கும்.

கேக்கச் சிரிப்பு வரும், மண் செம்மண்ணாயிருக்கிறதே இரும்பாலதான், எண்டாலும் சுண்ணாம்பால பிஎச் (மண் புளிப்போ காரமோ எண்டு காட்டுற அளவு) கூடின நிலத்தில வேரால அதை லேசில எடுக்க ஏலாது. சாம்பலை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, அது பிஎச்சை இன்னும் ஏத்தும். அடியில மக்கின மாட்டெருவும் சருகும் கனக்கப் போடுங்கோ, மழைத்தண்ணி சேத்து வச்சிருந்தால் அதை விடுங்கோ, அவசரத்துக்குக் கடையில கீலேற்று இரும்பு (மரம் லேசில எடுக்கக்கூடிய மாதிரிச் செய்த இரும்பு) வாங்கிப் பைக்கற்றில போட்டிருக்கிற அளவுக்குக் கரைச்சுப் பின்னேரத்தில இலைக்கு விசுறலாம், வெயிலுக்க விசிறினால் இலை கருகும். ஏற்கனவே வெளிறின இலை முழுசாப் பச்சையாகாமல் விடலாம், அடுத்த குருத்தைப் பாருங்கோ. மாரித்தண்ணி அடியில தேங்கி நிண்டதோ எண்டும் பாக்கோணும், வேர் மூச்சு முட்டினாலும் இதே மாதிரித்தான் காட்டும்.

மாங்குளத்தான்:
கண்ணூறு கேசும் தீர்ந்துது 😄 இன்னொண்டு, மாமரத்திலயும் கூழா எண்ட காட்டு மரத்திலயும் புதுக்குருத்து சிவப்பா வந்தால் அதுக்கும் பயந்திடாதேங்கோ. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் எண்டுறது பனைக்கு, கூழா எண்டால் சிரிக்கிறதில்லை, காட்டுக்குள்ள நெருப்புப் பத்தின மாதிரி நிக்கும். பிஞ்சு இலை வெயிலில கருகாமல் இருக்க அந்தச் சிவப்பு உதவுது, முத்த முத்தப் பச்சையாகிடும்.

வவுனியா நிலா:
எங்கட தென்னையில அடி ஓலை மஞ்சள், குருத்து பச்சை. அப்ப அது இரும்பு இல்லைத்தானே?

குளக்கட்டு விவசாயி:
இல்லை, அடி ஓலை எண்டால் மக்னீசியமாயிருக்கலாம், பொட்டாசியமும் குறைஞ்சிருக்கலாம். வெயில் படுற ஓலை மஞ்சளாயும் நிழலுக்க இருக்கிற பக்கம் பச்சையாயும் இருந்தால் அநேகமா மக்னீசியம். புளிப்பு மண்ணெண்டால் டொலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணக்கல் தூள்), சுண்ணாம்பு நிலமெண்டால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று). எது உங்கட மண்ணெண்டு தெரியாமல் மூட்டை வாங்காதேங்கோ, மண்ணைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டுங்கோ. படம் போட்டுப் புதுத் திரி ஒண்டு துவங்குங்கோ, இதுக்குள்ள கலந்தால் பிறகு தேடுற ஆக்களுக்குக் கஷ்டம்.