16 மிமீ புரொஜெக்டர்: சத்தம் மங்கல், அடியில் ஹம், இசையில் சுருதி அலைகிறது

கேள்வி

வணக்கம். 16 மிமீ புரொஜெக்டர், ஆப்டிகல் சவுண்ட் (பிலிமின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்தை ஒளியால் படிப்பது), டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர். படம் தெளிவாக விழுகிறது, சத்தத்தில்தான் மூன்று கோளாறு. வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக இருக்கிறது, 'ஸ' ஒலியே காதில் விழுவதில்லை. அடியில் விடாமல் ஒரு ஹம். நீளமாக இழுக்கும் இசையில் சுருதி அலைகிறது. ஒலித்தடத்தின் மேல் ஒளி பாய்ச்சும் எக்சைட்டர் பல்பு கறுத்திருந்ததால் புதிது போட்டேன். சத்தம் கொஞ்சம் கூடியது, மங்கல் போகவில்லை. வேறு இரண்டு ரீல்களிலும் இதே நிலைதான். ஆம்பிளிஃபயரைத் திறக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1

வணக்கம். ஆம்பிளிஃபயரைக் கடைசியில் திறங்கள். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் ஹம். பிலிம் போடாமல் எக்சைட்டர் பல்பை எரியவிட்டு, வால்யூமைப் பாதிக்கு வையுங்கள். பல்பிலிருந்து, ஒளியை மின் சிக்னலாக்கும் செல்லுக்குப் போகும் ஒளிக்குக் குறுக்கே ஒரு தடித்த அட்டையை நுழைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்டால் செல் முதல் ஸ்பீக்கர் வரை பாதை வேலை செய்கிறது. இப்போது அட்டையை வைத்தபடியே கவனியுங்கள். ஹம் நின்றுவிட்டால், அது பல்பின் ஒளியிலேயே இருக்கிறது. பல்புக்குப் போகும் டிசி சுத்தமாக இல்லை. ஒளியை மறைத்த பிறகும் ஹம் தொடர்ந்தால் ஆம்பிளிஃபயரின் பவர் சப்ளை, அல்லது செல்லிலிருந்து வரும் ஷீல்டு ஒயர்.

ஹம்மின் சுருதியும் துப்பு கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், ரெக்டிஃபயருக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டால் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் வரும். ஷீல்டு விட்டுப்போனால் அதைவிடத் தாழ்ந்த 50. பிலிம் ஓடும்போது மட்டும் 'பட பட' என்று 24 ஹெர்ட்ஸ் துடிப்பு கேட்டால் மின்சாரத்தைத் தேடாதீர்கள். கைடு ரோலர் தள்ளிப்போய், ஒளிக்கோடு சவுண்ட் டிராக்கை விட்டுப் படத்தின் ஓரத்தைப் படிக்கிறது.

பதில் 2

மங்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்லிட் லென்ஸை, அதாவது பல்பின் ஒளியை மெல்லிய கோடாக சவுண்ட் டிராக்கின் மேல் விழவைக்கும் லென்ஸை. 16 மிமீ பிலிம் 24 ஃபிரேமில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 183 மிமீ நகர்கிறது. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை பிலிமில் 0.037 மிமீ நீளம்தான். லென்ஸ் உருவாக்கும் ஒளிக்கோடு அதைவிட மெல்லியதாக, பிலிம் ஓடும் திசைக்குச் சரியாகக் குறுக்கே நிற்க வேண்டும். ஃபோகஸ் சற்று விலகினாலோ, கோடு கொஞ்சம் சாய்ந்தாலோ முதலில் போவது ட்ரெபிள்.

எதையும் தளர்த்தும் முன் லென்ஸின் இரு முகங்களையும் துடையுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், அசிட்டோன் வேண்டாம். எண்ணெய்ப் படலம் மட்டுமே இந்த மங்கலைத் தந்துவிடும். பிறகு மெஷினில் எமல்ஷன் (படமும் ஒலியும் பதிந்த பூச்சு) பக்கத்துக்கான நெம்புகோல் இருக்கிறதா பாருங்கள். சில பிரிண்டுகளில் எமல்ஷன் ஒரு பக்கம், சிலவற்றில் மறுபக்கம். பிலிமின் கனம் சுமார் 0.15 மிமீ என்பதால் ஃபோகஸ் அந்த அளவு மாறும். நெம்புகோலை மாற்றிய உடனே 'ஸ' தெளிந்தால் அத்தோடு வேலை முடிந்தது.

தெளியவில்லையென்றால் லென்ஸ் குழலிலும் அதன் பிடியிலும் சேர்ந்தாற்போல் ஊசியால் ஒரு கோடு கீறி, பழைய நிலையைக் குறித்த பிறகுதான் திருகைத் தளர்த்தவேண்டும். இந்தக் குறி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். 5 அல்லது 7 கிலோஹெர்ட்ஸ் டெஸ்ட் பிலிம் கிடைத்தால் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி மீட்டரை வைத்து, முதலில் முன்பின் நகர்த்தி உச்ச அளவைப் பிடியுங்கள். அடுத்து இம்மி இம்மியாகத் திருப்பி மறுபடி உச்சம். ஒன்றைத் திருத்தினால் மற்றது கலையும், ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். டெஸ்ட் பிலிம் இல்லையென்றால் ஜால்ரா சத்தம் உள்ள ஒரு நல்ல பிரிண்டை வைத்துக் காதால் பிடிக்கலாம்.

புதுப் பல்பின் மேல் பொறித்த வோல்ட்டும் ஆம்பியரும் பழையதோடு ஒத்துப்போகிறதா? 4 வோல்ட் இடத்தில் 6 வோல்ட் பல்பு போட்டால் மஞ்சளாக எரியும், சத்தம் குறையும்.

பதில் 3

சுருதி அலைவதற்கு: பெரும்பாலான மெஷின்களில் சவுண்ட் டிரம்மை (ஒலி படிக்கப்படும் இடத்தில் பிலிம் சுற்றிப்போகும் உருளையை) சுற்றுவது பிலிம்தான், மோட்டார் அல்ல. பின்னால் உள்ள ஃப்ளைவீல் அந்த ஓட்டத்தைச் சீராக்குகிறது. பிலிமை எடுத்துவிட்டு, பிரஷர் ரோலரை விலக்கி, ஃப்ளைவீலைக் கையால் சுழற்றி விடுங்கள். வெகுநேரம் சுழன்று மெல்ல ஓய வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங்கில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது. துடைத்துவிட்டு மெல்லிய மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு, கிரீஸ் கூடாது. ரப்பர் ரோலரை மாதக்கணக்கில் அழுத்தியபடியே விட்டால் ஓரிடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல் வரும். கேட்டுக்கு (பிலிம் ஃபிரேம் ஃபிரேமாக நின்று நகரும் இடத்துக்கு) கீழுள்ள லூப், அதாவது பிலிமின் தளர்ந்த வளைவு, சிறுத்தாலும் கேட்டின் வெட்டியிழுப்பு டிரம் வரை போகும்.

கேட்டவர்

நன்றி. அட்டையால் மறைத்ததும் ஹம் முழுதாக நின்றது. ஃப்ளைவீல் இரண்டு சுற்றில் நிற்கிறது. பல்பின் அளவு சரிதான். ஆனால் டிரம் இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்தால் ஒளிக்கோட்டின் ஒரு முனை மங்கலாகத் தெரிகிறது.

பதில் 1

அப்படியானால் பல்பு சாக்கெட்டில் முழுதாக அமரவில்லை, அல்லது இழை லென்ஸுக்கு நேராக நிற்கவில்லை. கோடு முழுநீளமும் ஒரே வெளிச்சமாகும் வரை முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் டிராக்கின் ஒரு பக்கம் குறைவாகப் படிக்கப்பட்டு வசனம் கரகரக்கும். லென்ஸ் ஃபோகஸுக்கு அதற்குப் பிறகு போகலாம்.

ஹம்முக்கு, பல்பு எரியும்போது அதன் முனைகளில் மீட்டரை ஏசியில் வையுங்கள். டிசி சப்ளையாக இருந்தால் ஏசி அளவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கணிசமாகக் காட்டினால் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அளவோ கூடுதலோ, துருவம் பிசகக் கூடாது. சில மெஷின்களில் பல்புக்கு டிசி போகாது, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஆஸிலேட்டர் இருக்கும். அங்கே டிசி ரேஞ்சில் பூஜ்யம் காட்டுவது இயல்பு, சாதாரண மீட்டரின் ஏசி அளவையும் நம்ப முடியாது. அதில் ஆஸிலேட்டருக்கு வரும் சப்ளையின் கெப்பாசிட்டரைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

பேரிங்கைத் துடைப்பதை இன்றே செய்துவிடலாம், அதற்கு எந்த உதிரிபாகமும் வேண்டாம்.