புருவத்தில் பச்சை: ஆழமாகப் போட்டால் நீடிக்குமா?

கயல் கேட்கிறார்:
எனக்கு எண்ணெய்ச் சருமம், புருவத்தின் வால்பகுதியில் முடியே இல்லை. மைக்ரோபிளேடிங் (சிறு பிளேடால் தோலைக் கீறி, முடி போன்ற கோடுகளாக நிறமி ஏற்றும் முறை) பற்றி ஓர் அழகுக்கலைஞரிடம் விசாரித்தேன். "கொஞ்சம் ஆழமாகப் போட்டுவிட்டால் பல வருடம் அழியாது, ஒரே அமர்வு போதும்" என்கிறார். முகப்பருவுக்குச் சாப்பிட்ட ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைப் போன மாதம்தான் நிறுத்தினேன். துணிந்து போகலாமா?

செண்பகம்:
இப்போது வேண்டாம், அவரிடம் எப்போதுமே வேண்டாம். இதுதான் என் தொழில். ஆழத்தைக் காட்டி ஆசை ஊட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நிறமி தங்கவேண்டிய இடம் உள்தோலின் மேற்பகுதி. மேலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குக் கீழே இறங்கினால் கோடு பரவும், பழுப்பு நாளடைவில் சாம்பல் நீலமாகத் தெரியும், தழும்பும் விழலாம். இரத்தம் வழிகிறதென்றால் பெரும்பாலும் கை அளவு மீறிவிட்டது. அந்த இரத்தத்தோடு நிறமியும் வெளியேறிவிடும்.

அழுத்தத்தைவிட, தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் கைத்திறன் தெரியும். தளர்ந்த தோலில் பிளேடு தாவும். ஒரு கோடு ஆழமாக, அடுத்தது பட்டும் படாமலும் விழும். அளவெடுப்பதும் அப்படித்தான். உட்காரவைத்து, முகம் இயல்பாக இருக்கும்போது வரையவேண்டும். படுத்தால் தோல் சரிந்து புருவம் இடம் மாறித் தெரியும்.

எண்ணெய்ச் சருமத்தில் மெல்லிய முடிக்கோடுகள் சீக்கிரமே கலங்கிவிடும். இயந்திர ஊசியால் புள்ளிகளாக நிரப்பும் பவுடர் முறை உங்களுக்கு ஏற்றது. 6 முதல் 8 வாரத்தில் தோல் ஆறி உண்மையான நிறம் தெரிந்த பிறகே திருத்தம் செய்ய முடியும். ஒரே அமர்வில் முடியும் என்பவர் அதுவரை காத்திருக்க விரும்பாதவர். மாத்திரை நிறுத்தி 6 மாதமாவது ஆகட்டும் என்றுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வோம். உங்கள் தோல் மருத்துவரிடமும் கேளுங்கள்.

மருதன்:
செவிலியராக ஒன்று சேர்க்கிறேன். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். நிறமியை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கிண்ணத்தில் ஊற்றவேண்டும். மிச்சத்தைப் புட்டியில் திருப்பி ஊற்றக்கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இந்த அலட்சியத்தில் பரவக்கூடியவை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நீரிழிவு, தடித்த தழும்பு விழும் உடல்வாகு எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் அங்கேயும் சொல்லுங்கள். சில நிறமிகளில் இரும்பு ஆக்சைடு உண்டு; அரிதாக அந்த இடம் சுடும் அல்லது வீங்கும்.

கயல்:
இருவருக்கும் நன்றி. பிடிக்காவிட்டால் தோல் நிற நிறமியால் மூடிவிடலாம் என்கிறார்களே?

செண்பகம்:
அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்த வெளிர் நிறமியில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். பின்னால் லேசர் கொண்டு அழிக்கப் போனால் அது கறுத்துவிடக்கூடும். போடும் முன், நிறமி ஒவ்வாமைப் பரிசோதனையாகக் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.