பிரவுன் கேஸுக்குப் பின்னாடி ஒரு லா காலேஜா?

கயல்_செகண்ட்இயர்:
கிளாஸ்ல "பிரவுன் கேஸ், 1954, அமெரிக்காவுல ஸ்கூல்ல நிறம் பார்த்துப் பிரிக்கிறது செல்லாது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, எனக்கு மனசே ஆறல. கறுப்பினத்தவங்களுக்காக ஆரம்பிச்ச ஹோவர்ட் யுனிவர்சிட்டியோட லா ஸ்கூல்தான் அதுக்கு வேருன்னு சீனியர் அக்கா சொன்னாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன். கமலா ஹாரிஸ் லா படிச்சதும் அங்கதானே?

வக்கீல்_பழனி:
அக்கா சொன்னது சரிதான்மா. வாஷிங்டன்ல 1869-ல ஆரம்பிச்சது, ரொம்ப காலம் ஈவினிங் காலேஜாத்தான் ஓடுச்சு, 1929-ல சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் பொறுப்புக்கு வந்து முழுநேரக் காலேஜா மாத்தி பாடத்தையும் கடுமையாக்கிட்டார், பாதியில நின்னவங்க நிறைய. வக்கீல்னா சமூகத்தையே திருத்திக் கட்டுற இன்ஜினியர்னு சொல்லிச் சொல்லி வளர்த்தார். பிரவுன் கேஸை சுப்ரீம் கோர்ட்ல வாதாடி ஜெயிச்ச தர்குட் மார்ஷல் அவர்கிட்ட படிச்சவர், பால்டிமோர்ல இருந்து ரயில்ல போய் வந்து படிச்சார், ஃபீஸ் கட்ட அவங்கம்மா மோதிரத்தை அடகு வெச்சாங்க, இதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. 1933-ல ஃபர்ஸ்ட் ரேங்க். அவர் சொந்த மாநிலம் மேரிலேண்ட்ல இருந்த லா ஸ்கூல் கறுப்பினத்தவங்களைச் சேர்க்கவே சேர்க்காது, 1935-ல குருவும் சிஷ்யனும் சேர்ந்து அது மேலயே கேஸ் நடத்தி டொனால்ட் மர்ரேங்கிறவருக்கு சீட் வாங்கிக் குடுத்தாங்க. கமலா ஹாரிஸ் ஹோவர்ட்ல படிச்சது டிகிரிதான், லா கலிஃபோர்னியாவுல.

கயல்_செகண்ட்இயர்:
ரொம்ப நன்றி சார். சின்னப் புள்ளைங்க ஸ்கூலை விட்டுட்டு ஏன் முதல்ல லா காலேஜ் மேல கை வெச்சாங்க?

வக்கீல்_பழனி:
அதுலதான் இருக்கு சூட்சுமம். "தனியா இருந்தாலும் சமமா இருந்தா போதும்"னு சுப்ரீம் கோர்ட்டோட 1896 தீர்ப்பு. அப்போ ஒவ்வொரு மாநிலமும் கறுப்பினத்தவங்களுக்குன்னு சமமா இன்னொரு லா காலேஜ் கட்டணும், நாலு பேருக்காக யாரு அவ்வளவு செலவு பண்ணுவா? அதோட ஜட்ஜுங்க எல்லாம் லா படிச்சவங்க, நல்ல காலேஜ் எப்படி இருக்கும்னு அவங்களை ஏமாத்த முடியாது. டெக்சாஸ் அவசரமா ஒரு பேஸ்மென்ட்ல சில ரூம் எடுத்து "இதுவும் லா ஸ்கூல்தான்"னுச்சு, 1950-ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. அந்த வருஷம்தான் குரு ஹியூஸ்டன் இறந்துட்டார், பிரவுன் தீர்ப்பைப் பார்க்கல.

தேன்மொழி:
பாலி மர்ரேயை விட்டுட்டீங்களே சார்! ஹோவர்ட்ல அவங்க பேட்ச்ல ஒரே பொண்ணு, 1944-ல ஃபர்ஸ்ட் ரேங்க். சமமா இல்லன்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்காம, பிரிக்கிறதே தப்புன்னு நேரா அடிக்கணும்னு கிளாஸ்ல சொல்லியிருக்காங்க, கூடப் படிச்ச பசங்க சிரிச்சாங்களாம். 25 வருஷத்துக்குள்ள 1896 தீர்ப்பு விழும்னு புரொஃபசர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன்கிட்ட பத்து டாலர் பந்தயம் கட்டிட்டு, அதையே பேப்பராவும் எழுதினாங்க. பிரவுன் கேஸ் தயாராகும்போது அதே ராபின்சன் அந்தப் பேப்பரைத் தேடி எடுத்து டீம்கிட்ட காட்டியிருக்கார், அது அவங்களுக்குத் தெரியவே பல வருஷம் ஆச்சு. பத்தே வருஷத்துல பந்தயத்துல ஜெயிச்சாங்க, ஒன்பது ஜட்ஜும் ஒரே குரல்ல.